பல் கூச்சத்துக்கு வேர் சிகிச்சைதான் வழியா?

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எடையைக் குறைப்பதற்காக இரண்டு ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, தேன் கலந்து குடித்து வருகிறேன். எட்டு வயது மகளுக்கும் அதில் கொஞ்சம் கொடுப்பேன். அலுவலக மேசையிலும் எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கும். ஆறு மாதமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல் வரிசையில் இரண்டு பக்கமும் சுரீரென்று கூசுகிறது. சில நொடிகளில் நின்றுவிடுகிறது. பல் மஞ்சளாகத் தெரிந்ததால் கரிப்பொடி வாங்கித் தேய்த்தேன், கூச்சம் கூடிவிட்டது. கூச்சத்துக்கான பற்பசையைப் பத்து நாள் பயன்படுத்தியும் பலனில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் இரண்டு பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டும் என்கிறார்கள். தேய்ந்துபோன எனாமலைத் திரும்ப வளர்க்க வழி உண்டா? அவ்வப்போது இரவில் நெஞ்சு கரிப்பதைத் தவிர எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை. பல்லின் படங்களை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

படத்தைப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது சரியான மருத்துவம் ஆகாது. இருந்தாலும் நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் முன்பு வைத்த வெள்ளி அடைப்பு, தன்னைச் சுற்றியுள்ள பல்லைக் காட்டிலும் உயரமாக, திட்டு போல நிற்கிறது. அடைப்பு வைக்கும்போது எந்த மருத்துவரும் அதைப் பல்லின் மட்டத்துக்குச் சமமாகத்தான் செதுக்குவார். உயரமாக விட்டால் அன்றைக்கே கடிக்க முடியாமல் நீங்கள் திரும்பிப் போயிருப்பீர்கள். ஆகவே அடைப்பு உயரவில்லை, சுற்றியிருந்த பல்தான் தாழ்ந்திருக்கிறது. வெறும் தேய்மானம் என்றால் பல்லும் அடைப்பும் சேர்ந்தே தேயும். அமிலமோ பல்லைக் கரைக்கும், வெள்ளி அடைப்பை விட்டுவிடும். உங்கள் வாயில் நடப்பது பெரும்பாலும் அமில அரிப்பு என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம். காலை எலுமிச்சை நீரைப் பற்றி நீங்கள் எழுதியதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

மாங்காயோ புளியங்காயோ கடித்தால் பல் கூசும் என்பது நமக்குப் பிள்ளைப் பருவத்திலேயே தெரிந்த சங்கதி. அது ஏன் என்று விளங்கினால் உங்கள் சிகிச்சையின் வரிசையும் தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல்லின் மேலுறையான எனாமல், எடையில் 96 விழுக்காடு அளவுக்குத் தாது உப்பால் ஆனது. உடலில் அதைவிடக் கடினமான திசு கிடையாது. ஆனால் அதில் நரம்பும் இல்லை, உயிரணுவும் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு வகை: ஏறத்தாழ 70 விழுக்காடு தாது, மீதி கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும். இந்த டென்டினுக்குள், பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான திசுவான பற்கூழிலிருந்து வெளிப்புறம் நோக்கி நுண்ணிய குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் வெளிப்பக்கம் சுமார் 20,000 குழாய்களும், பற்கூழுக்கு அருகில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகவும் இருக்கும். ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. எனாமல் மூடியிருக்கும் வரை அந்தத் திரவம் அசையாமல் இருக்கும். மூடி போய், குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ந்த நீரோ, காற்றோ, இனிப்போ பட்டவுடன் உள்ளிருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த நகர்வு பற்கூழின் ஓரத்தில் இருக்கும் நரம்பு நுனிகளை இழுக்கிறது. நீங்கள் சொல்லும் ‘சுரீர்’ அதுதான். இக்கருத்தைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் பரிசோதனைகள் வழியே நிலைநாட்டினார். இன்று வரை பல் கூச்சத்துக்கான எல்லாச் சிகிச்சையும் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. குழாயின் வாயை அடைக்க வேண்டும், அல்லது நரம்பு எளிதில் தூண்டப்படாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

ஆனால் மூடி ஏன் திறந்தது என்பதைப் பார்க்காமல் அடைத்துக்கொண்டே இருந்தால், அடைத்ததையும் அமிலம் கரைத்துவிடும். உங்களுக்கு இதுவரை சொல்லப்பட்ட ஆலோசனைகளில் விடுபட்டுப் போனது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாயின் அமில நிலையைக் குறிக்கும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டினுக்கு அவ்வளவு கூட இறங்க வேண்டியதில்லை. 6-க்குச் சற்று மேலே இருக்கும்போதே அது தாதுவை இழக்கத் தொடங்கிவிடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டரைக்கும் கீழே. தண்ணீரில் கலந்தால் சற்று ஏறும், ஆனால் ஆபத்தான எல்லையைத் தாண்டி மேலே வந்துவிடாது. தேன் சேர்த்தால் புளிப்பு ‘முறிந்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். நாக்குக்குத்தான் முறிகிறது, பல்லுக்கு இல்லை. தேனே இயல்பில் அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். சுமார் 4. வெந்நீரில் குடிப்பது இன்னும் ஒரு படி மோசம், ஏனென்றால் சூடு ஏறினால் கரைதலும் விரைவாக நடக்கும். நேரமும் பொருத்தமாக அமையவில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அமிலத்தை நீர்க்கச் செய்து, நடுநிலைப்படுத்தி, பல்லுக்குத் தாதுவைத் திருப்பித் தரும் அந்தக் காவல் இன்னும் முழுதாக ஊறாத வேளையில் நீங்கள் எலுமிச்சையை ஊற்றுகிறீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், காலைக் குவளையைக் காட்டிலும் உங்கள் அலுவலக மேசை மேல் இருக்கும் பாட்டிலைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு குவளை எலுமிச்சை நீரை ஒரே மூச்சில் குடித்தால், ஆரோக்கியமான உமிழ்நீர் சிறிது நேரத்தில் நிலைமையைச் சரிசெய்துவிடும். அதையே காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை கால் மணிக்கு ஒரு மிடறாகப் பருகினால், ஒவ்வொரு முறையும் உமிழ்நீர் வேலையை முடிக்குமுன் அடுத்த மிடறு வந்துவிடுகிறது. எவ்வளவு குடித்தோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதுதான் பல்லைக் கரைக்கிறது. ஆகவே அந்தப் பாட்டிலில் இனி வெறும் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். காலை எலுமிச்சை நீரையும் மூன்று மாதங்களுக்காவது அடியோடு நிறுத்துங்கள். எடைக் குறைப்புக்கு எலுமிச்சை இன்றியமையாதது அன்று. ஏதாவது குடித்தே ஆக வேண்டும் என்றால் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். மோரும் புளிப்புதான், ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து அவற்றை இழுக்க அதற்குத் தேவை இல்லை. ரசம், புளிக்குழம்பு ஆகியவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். சோற்றோடு சேர்ந்து, மென்று, உமிழ்நீர் பெருகும் வேளையில் உண்ணப்படும் புளிப்பு வேறு. நாள் முழுக்கப் பல்லில் ஊறும் புளிப்பு வேறு.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதில் நிலைப்பற்கள் இப்போதுதான் முளைத்து வருகின்றன. புதிதாக முளைத்த எனாமல் முழுதாக முதிராதது, அமிலத்தில் எளிதில் கரையும். அவளுக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன நெஞ்சு கரிப்பு. அதை நான் முதல் வரிக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இரைப்பையிலிருந்து எதுக்களித்து மேலே வரும் அமிலத்தின் பி.எச். 2-க்கும் கீழே இருக்கலாம். எலுமிச்சையைக் காட்டிலும் கடுமையானது. இரவில் படுத்திருக்கும்போது, உமிழ்நீர் வற்றிய வாய்க்குள் அது வந்தால் எதிர்க்க எதுவும் இல்லை. எதுக்களிப்பு நோய்க்கான வரையறைகளை 2006-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒருமித்த அறிக்கையில் வகுத்த இரைப்பை மருத்துவ வல்லுநர்கள், பல் அரிப்பை அந்நோயோடு உறுதியான தொடர்புடைய கோளாறுகளில் ஒன்றாகவே சேர்த்தார்கள். இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். உணவால் வரும் அரிப்பு பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்திலும் கடிக்கும் பரப்பிலும் தெரியும். வயிற்றிலிருந்து வரும் அமிலம் மேல் முன்பற்களின் உட்புறத்தை, அதாவது அண்ணத்தைப் பார்த்த பக்கத்தை அரிக்கும். நல்ல வெளிச்சத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் வழவழப்பாக, மஞ்சளாக, மெலிந்து தெரிந்தாலோ, முன்பல் நுனிகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தெரிந்தாலோ, பொது மருத்துவரையோ இரைப்பைக் குடல் மருத்துவரையோ பாருங்கள். தெரியாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் நெஞ்சு கரித்தால் போய்ப் பார்ப்பதே முறை. அதுவரை இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். இரவில் புளித்த நீர் வாய்க்கு வந்தால், எழுந்து உடனே பல் துலக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டுப் படுங்கள்.

துலக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமிலம் பட்ட பல்லின் மேற்பரப்பு சில மைக்ரான் ஆழத்துக்கு மென்மையாகிவிடுகிறது. அந்த மென்மையான அடுக்கை உமிழ்நீர் மெல்ல மெல்ல மீண்டும் கெட்டிப்படுத்தும். அதற்குள் தூரிகையால் தேய்த்தால் அந்த அடுக்கு மொத்தமாகப் போய்விடும். அரை மணி நேரம் காத்திருந்து துலக்கச் சொல்வது வழக்கம். அரை மணியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மீண்டும் கெட்டிப்பட அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். எழுந்தவுடன், எதையும் சாப்பிடுமுன் துலக்கிவிடுவதுதான் எளிய வழி. மென்மையான இழை கொண்ட தூரிகை போதும். கரிப்பொடியைக் குப்பையில் போடுங்கள். உங்கள் பல் மஞ்சளாகத் தெரிந்ததற்குக் காரணம் அழுக்கு அன்று. எனாமல் மெலிந்து, அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் தெரிகிறது. அதை வெளுக்க வைக்க உரசினால் மிச்சமிருக்கும் எனாமலும் போய், பல் இன்னும் மஞ்சளாகத்தான் ஆகும். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதைச் சுட்டிக்காட்டிக் குச்சியால் துலக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். குச்சியின் மேல் எனக்குப் பகை இல்லை, ஆனால் ஈறோரத்தில் குறுக்காக அழுத்தித் தேய்த்தால் அதுவும் பள்ளம் பறிக்கும். பல்லின் கழுத்துப் பகுதியில் எனாமல் கத்தி முனை போல மெலிந்து முடிகிறது என்பதை மறக்கக்கூடாது.

பற்பசை உங்களுக்குப் பலன் தராததற்கு முதன்மைக் காரணம் பத்து நாள் என்பதுதான். கூச்சத்துக்கென்று விற்கும் பசைகள் பொதுவாக இரண்டு வகை. பொட்டாசியம் நைட்ரேட் 5 விழுக்காடு கலந்தவை நரம்பு தூண்டப்படுவதைக் குறைக்கும். பொட்டாசியம் குழாய்களுக்குள் ஊறிச் சேர வேண்டும் என்பதால் நாள்தோறும் இரு வேளை, குறைந்தது நான்கு வாரம் பயன்படுத்தினால்தான் வேறுபாடு தெரியும். ஸ்டானஸ் புளோரைடு, ஆர்ஜினினோடு கால்சியம் கார்பனேட், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் ஆகியவற்றைக் கொண்ட பசைகள் குழாய்களின் வாயை அடைப்பவை. அமில அரிப்பும் கூச்சமும் ஒருங்கே இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் எழுதித் தருவது ஸ்டானஸ் புளோரைடு. அது குழாயை அடைப்பதோடு, அமிலத்தை ஓரளவு தாங்கும் மெல்லிய படலம் ஒன்றையும் பல்லின் மேல் விட்டுச் செல்கிறது. சிலருக்குப் பல்லில் லேசாகக் கறை படியலாம், அது சுத்தம் செய்தால் போய்விடும். எந்தப் பசையானாலும் பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மூலப்பொருளைப் படித்து வாங்குங்கள், முன்புறத்து விளம்பர வாசகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் கழுவித் தொட்டியில்தான் போகும். இரவில் படுக்குமுன், அதிகமாகக் கூசும் இடத்தில் விரல் நுனியால் சிறிது பசையைத் தடவி விட்டுவிடலாம்.

எனாமல் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளராது. எனாமலை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே கரைந்து போன கனத்தைத் திரும்பக் கொண்டுவரும் பசையோ எண்ணெயோ இல்லை. மென்மையாகி, இன்னும் பல்லோடு ஒட்டியிருக்கும் அடுக்கை உமிழ்நீரும் புளோரைடும் மீண்டும் கெட்டிப்படுத்தும். ‘எனாமலை மீட்கும்’ என்று பெட்டிகளில் எழுதுவது இந்தக் குறுகிய பொருளில் மட்டுமே உண்மை. டென்டினின் கதை இவ்வளவு துயரமானதில்லை. அதன் பின்னால் உயிருள்ள பற்கூழ் இருப்பதால், மெதுவான தாக்குதலுக்கு எதிராக அது உட்புறத்தில் புதிய டென்டினைச் சேர்க்கும்; குழாய்களுக்குள் தாது படிந்து சில தாமாகவே மூடிக்கொள்ளும். அமிலத்தை நிறுத்தியவர்கள் சிலருக்கு வேறு எதுவும் செய்யாமலே சில மாதங்களில் கூச்சம் தணிவது இதனால்தான். அமிலத்தில் தாது போன பின்பு டென்டினின் மேல் கொலாஜன் இழைகளாலான மெத்தை போன்ற அடுக்கு எஞ்சியிருக்கும்; அது அடுத்த அமிலம் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கிறது. கரிப்பொடியால் தேய்த்தபோது உங்களுக்குக் கூச்சம் கூடியதன் பின்னணியில், இந்த அடுக்கும் உரசிப்போனது இருக்கக்கூடும்.

இனி வேர் சிகிச்சை. நீங்கள் எழுதியபடி, குளிர்ச்சி பட்டால் மட்டும் கூசுகிறது, சில நொடிகளில் நிற்கிறது, பல பற்களில் இருக்கிறது. இது பற்கூழ் உயிரோடும் நலத்தோடும் இருப்பதற்கான அடையாளம். குளிர்ச்சியை எடுத்த பின்னும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், சூடு பட்டு வலித்தால், எதுவும் படாமலே தானாக வலித்து இரவில் எழுப்பினால், ஒரே பல்லைத் தட்டினால் வலித்தால், அது வேறு கதை. அப்போது வேர் சிகிச்சை தேவைப்படலாம். உங்களை நேரில் பார்த்த மருத்துவருக்கு, எனக்குத் தெரியாத ஆழமான சொத்தையோ, விரிசலோ அந்த இரண்டு பற்களில் தெரிந்திருக்கக்கூடும் என்பதால் அவர் சொன்னது தவறு என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ‘எந்தக் காரணத்துக்காக இந்த இரண்டு பற்கள்?’ என்று கேளுங்கள். எக்ஸ்-ரே படத்தைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்ச்சிச் சோதனையில் அந்தப் பற்களும் பக்கத்துப் பற்களும் எப்படி நடந்துகொண்டன என்று கேளுங்கள். கூச்சம் ஒன்றே காரணம் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேர் சிகிச்சை கூச்சத்தை நிச்சயம் நிறுத்தும். ஆனால் நரம்பு எடுத்த பல்லையும் அமிலம் விட்டுவைக்காது. எச்சரிக்கும் கூச்சம் இல்லாத அந்தப் பல், உறையின் ஓரத்தில் சத்தமின்றிக் கரைந்துகொண்டே போகும்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியவை நிறைய உண்டு. 5 விழுக்காடு சோடியம் புளோரைடு வார்னிஷைப் பல்லில் பூசலாம். ஐந்து நிமிட வேலை, சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். குளூட்டரால்டிஹைடு கலந்த திரவத்தைத் தடவினால் குழாய்களுக்குள் இருக்கும் புரதம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்திருந்தால் அதைக் காம்போசிட் என்னும் பிசின் கலவைப் பொருளால் நிரப்பலாம். இன்னோர் அடைப்புப் பொருளான கண்ணாடி அயனோமர் சிமென்ட் எளிதாக ஒட்டும், புளோரைடும் கசியும் என்றாலும், அமிலம் அடங்காத வாயில் அதுவே அரிக்கப்பட்டுப் போகும் என்பதால் உங்களுக்குக் காம்போசிட் வகையையே நான் விரும்புவேன். அதுவும் அமிலம் நின்று இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு. அந்த மருத்துவரிடமோ வேறொருவரிடமோ உங்கள் அரிப்பின் அளவைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்: 2008-இல் வந்த எளிய மதிப்பீட்டு முறை ஒன்றில், வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பரப்புக்கு 0 முதல் 3 வரை எண் இட்டுக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத் தொகையும், ஒரே கோணத்தில் எடுத்த படங்களும் இருந்தால்தான் அரிப்பு நின்றதா, நடந்துகொண்டிருக்கிறதா என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியும்.

கிராம்பு எண்ணெய் தடவலாமா என்று இதே போன்ற கடிதங்களில் கேட்பவர்கள் உண்டு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், குழாயை மூடாது, ஈறில் அடிக்கடி பட்டால் எரிந்து புண்ணாகும்.

இன்று முதல் நான்கு வாரம் எலுமிச்சை இல்லாமல், சரியான பசையோடு இருந்து பாருங்கள். அதற்குள் வலி நீடிக்கத் தொடங்கினாலோ, இரவில் எழுப்பினாலோ, ஒரு பல் மட்டும் தனித்து வலித்தாலோ நான்கு வாரம் முடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது, எனக்கு அனுப்பிய அந்த அடைப்புப் படத்தையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.